பட்டியலில் இல்லாத மலை

தை 5-ம் தேதி மணலூர்பேட்டைக்கு வந்திருக்கிறீர்களா? வராதவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள். தென்பெண்ணை ஆற்றில் அன்றைக்குத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் புறப்பட்டு, வழி நெடுக ஊர் ஊராக மண்டகப்படி வாங்கிக்கொண்டு, மணலூர்பேட்டை ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி ஆடுவார். சுற்றுவட்டாரத்துச் சாமிகளும் வந்து சேரும். ஆற்று மணல் முழுக்க ஜனம். பொரி, சுருளிக்கிழங்கு, வளையல், ராட்டினம், பிளாஸ்டிக் துப்பாக்கி என்று கடைகள். கட்டிக் கொடுத்த பெண்கள் எல்லாம் அன்றைக்குப் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். தீபாவளிக்கு வராத மாப்பிள்ளைகூட ஆற்றுத் திருவிழாவுக்கு வருவான்.

அப்படித்தான் என் அக்கா மகனும் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வயது 31. போன வருஷம் பார்த்தபோது தொப்பை இருந்தது, இப்போது காணோம். "என்ன மாப்ள, இளைச்சிட்ட?" என்று கேட்டதும் செல்போனை எடுத்து நீட்டினான். அதில் ஒரு பட்டியல்.

பெயர், உயரம், மாவட்டம், ஏறிய தேதி, எடுத்துக்கொண்ட நேரம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. தொட்டபெட்டா, கொலாரிபெட்டா, முக்கூர்த்தி, வந்தரவு, வெள்ளியங்கிரி, சேர்வராயன், கொல்லிமலை, பருவதமலை... மொத்தம் பதினைந்து. ஏழுக்கு நேராகப் பச்சை நிறத்தில் டிக்.

"நாப்பது வயசுக்குள்ள தமிழ்நாட்டுல இருக்குற பெரிய மலை எல்லாத்தோட உச்சியிலயும் நின்னுடணும் மாமா. அதான் கோல்."

பக்கத்தில் சுருளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "சாமியே மலைய வுட்டு எறங்கி ஆத்துக்கு வந்துருக்கு. இவன் ஆத்த வுட்டுட்டு மலைக்கு ஓடுறான்."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டேனே தவிர, அந்தப் பட்டியல் என்னை விடவில்லை. நல்ல காரியம்தானே, எதற்கு மனசு உறுத்துகிறது என்று யோசித்துப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

*

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். மலைகளுக்குப் பட்டியல் போடுவது என் மாப்பிள்ளை கண்டுபிடித்த கிறுக்கு அல்ல. ஸ்காட்லாந்தில் சர் ஹியூ மன்ரோ என்று ஒரு கனவான் இருந்தார். 3,000 அடிக்கு மேற்பட்ட தன் நாட்டு மலைகளை எல்லாம் எண்ணி 1891-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். இன்றைக்கு அதில் 282 மலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு 'மன்ரோ' என்றே பெயர். அத்தனையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் லட்சியமாக வைத்துக்கொண்டு அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் அலைகிறார்கள். 1901-ல் முதன்முதலாக முடித்தவர் என்று ராபர்ட்சன் என்ற பாதிரியாரைச் சொல்வார்கள். பட்டியல் போட்ட மன்ரோ 1919-ல் இறந்தபோது, அவருடைய பட்டியலில் அவரே ஏறாத மலைகள் மிச்சம் இருந்தன. இன்னொரு வேடிக்கை. 2012-ல் ஒரு மலையை மறுபடி அளந்து பார்த்தார்கள். ஓரிரண்டு அடி குறைந்தது. உடனே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். மலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, பாவம்.

அமெரிக்காவில் மார்ஷல் என்பவர் 1936-லேயே அன்றைய 48 மாநிலங்களின் உயரமான இடங்களையும் தொட்டு முடித்துவிட்டார். மாநில உயரம் என்றால் எல்லாமே பனிமலை என்று நினைக்காதீர்கள். ஃபுளோரிடா மாநிலத்தின் மிக உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து வெறும் 345 அடி. நம் திருச்சி உச்சிப் பிள்ளையார் அதைவிட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1985-ல் டிக் பாஸ் என்ற தொழிலதிபர் ஏழு கண்டங்களின் ஏழு உச்சிகளையும் ஏறி முடித்தார். அதிலிருந்து அது தனியாக ஒரு மோகமாகிவிட்டது.

நம் நாட்டிலும் உண்டு. அருணாசலப் பிரதேசம் திராங்கில் உள்ள தேசிய மலையேற்ற நிறுவனத்தார், கர்னல் ரண்வீர் சிங் ஜம்வால் தலைமையில், 28 மாநிலங்களின் உயரமான சிகரங்களிலும் தேசியக் கொடி ஏற்றுவது என்று 2022-ல் கிளம்பினார்கள். விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண். கல்யாணம் ஆகி, குழந்தைகள் பிறந்து, அதற்கப்புறம் மலை பழகிய பெண் அவர். இதை எல்லாம் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

லட்சியம் என்று ஒன்று இருந்தால்தான் மனுஷன் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறான். 'என்றைக்காவது மலைக்குப் போகணும்' என்கிறவன் என்றைக்கும் போவதில்லை. 'மார்ச்சுக்குள் சேர்வராயன்' என்கிறவன் போய்விடுகிறான். மாப்பிள்ளையின் தொப்பை கரைந்தது பட்டியலால்தான். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால்?

*

முதல் ஆனால், அந்த 'மாநிலத்திலேயே உயரமான' என்ற வார்த்தையில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் உயரமான சிகரம் எது? பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தொட்டபெட்டா, 2,637 மீட்டர். ஊட்டியிலிருந்து காரில் போய் இறங்கலாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு, தொலைநோக்கி வழியாகக் குன்னூரைப் பார்த்து, மிளகாய் பஜ்ஜி தின்று, ஸ்வெட்டர் பேரம் பேசிவிட்டு வரலாம். மாநிலத்தின் முதல் சிகரத்தில் நின்றதாகக் கணக்கு. என் மாப்பிள்ளையின் பட்டியலில் முதல் டிக் அதுதான். "அதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். "பார்க்கிங் கெடைக்க முக்கால் மணி நேரம் மாமா" என்றான். நேர்மையான பையன்.

தென்னிந்தியாவிலேயே உயரமானது ஆனைமுடி, 2,695 மீட்டர். அது இருப்பது கேரளாவில், தேவிகுளம் தாலுகாவில். தேவிகுளம், பீர்மேடு என்றதும் கொஞ்சம் வயசானவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது, அந்தத் தாலுகாக்கள் தமிழர் பகுதி, தமிழகத்தோடுதான் சேர வேண்டும் என்று பெரிய போராட்டமே நடந்தது. கன்னியாகுமரி நமக்கு வந்தது. தேவிகுளம் வரவில்லை. வந்திருந்தால் தமிழ்நாட்டின் உயரமான சிகரம் ஆனைமுடியாக இருந்திருக்கும். தொட்டபெட்டாவுக்கு முதலிடம் கொடுத்தது மலை அல்ல, எங்கோ ஓர் அலுவலகத்தில் மேஜை மேல் விரித்திருந்த வரைபடம்.

உச்சி என்பதாவது இயற்கை போட்டது. 'மாநிலத்தின் உச்சி' நாம் போட்டது. நாமே போட்ட கோட்டுக்குள் நாமே முதல் என்று சொல்லிக்கொள்வதில் தப்பில்லை, கபடி விளையாட்டிலும் அதைத்தானே செய்கிறோம். ஆனால், அது விளையாட்டு என்ற நினைப்பு இருக்க வேண்டும்.

தவிர, உயரத்துக்கும் கஷ்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. தொட்டபெட்டாவுக்கு பஜ்ஜி கிடைக்கிறது. அதைவிட எவ்வளவோ குள்ளமான வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறி இறங்குவதற்குள் நாக்கு தள்ளிவிடும். மூச்சு முட்டி, நெஞ்சு வலி வந்து உயிர் போன செய்தி வராத பருவமே இல்லை. அங்கே நீங்கள் முழி பிதுங்கி நிற்கும்போது, கையில் ஒரு மூங்கில் தடியோடு ஒரு பாட்டி வெறுங்காலில் உங்களைத் தாண்டிப் போவாள். அவளிடம் பட்டியல் கிடையாது. பேரனுக்கு உடம்பு சரியானால் வருகிறேன் என்று வேண்டியிருப்பாள். அதுவும் லட்சியம்தான், ஆனால் அது அவளைப் பற்றியது அல்ல.

*

இரண்டாவது ஆனால், கொஞ்சம் பெரியது.

மணலூர்பேட்டை இருப்பது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பரில் பிறந்த புது மாவட்டம். இந்த மாவட்டத்தின் மலை கல்வராயன். மாப்பிள்ளையின் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தேன். சொந்த மாவட்டத்து மலை அதில் இல்லை.

"கல்வராயன் எங்கடா?"

"அதுல பீக்குன்னு சொல்ற மாதிரி எதுவும் ஃபேமஸா இல்ல மாமா. பரந்து கெடக்கு. ஹைட்டும் கம்மி."

வாஸ்தவம்தான். கல்வராயனுக்கு ஊசி மாதிரி உச்சி கிடையாது. அது ஒரு மேட்டு நிலம். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. கீழே கச்சிராயபாளையம் பக்கம் 1965-ல் கட்டிய கோமுகி அணை. மேலே வெள்ளிமலை. அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. நடுவே மேகம் அருவி, பெரியார் அருவி. சாமை, மரவள்ளி, கடுக்காய். அங்கே வாழ்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகளோடு சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள்.

நாடு 1947-ல் விடுதலை அடைந்தது என்று நமக்குத் தெரியும். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அது முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது எழுபதுகளின் நடுவில்தான். சுதந்திரம் அந்த மலை ஏறுவதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு எந்தப் பட்டியலில் 'எடுத்துக்கொண்ட நேரம்' போடுவது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் நாடே திரும்பி 'கல்வராயன்' என்ற பெயரை உச்சரித்தது. சாராயம் காய்ச்சுகிற மலை என்று. அங்கே ஏன் வேறு பிழைப்பு இல்லை, சாலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது.

வேறு மாவட்டத்துக் கதை ஒன்றும் உண்டு. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலை. 2023 மே மாதம். பாம்பு கடித்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை மலையிலிருந்து கீழே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், அதற்கு மேல் சாலை இல்லை என்று பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்சத் தூரத்துக்குக் குழந்தையைக் கையில் சுமந்துகொண்டு நடந்தாள் தாய்.

மலையேறுகிறவர்கள் ஒரு பாதையை விவரிக்கும்போது 'சுலபம், நடுத்தரம், கடினம்' என்று தரம் பிரிப்பார்கள். பாறை, சரிவு, வழுக்கல் எல்லாம் இருந்தால் 'கடினம்'. கடினம் என்றால் கூடுதல் மவுசு. அதே பாதையில் தினமும் ரேஷன் அரிசி சுமந்து ஏறுகிறவனுக்கு அது மவுசு அல்ல, சாலை இல்லாத கொடுமை. நமக்கு ஞாயிற்றுக்கிழமை சாகசம், அவனுக்கு திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும். பட்டியலில் உயரத்துக்குக் கட்டம் இருக்கிறது, நேரத்துக்குக் கட்டம் இருக்கிறது. இதற்குக் கட்டம் இல்லை. என்னை உறுத்தியது இதுதான்.

*

மூன்றாவது ஆனால், அவசரம்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. காய்ந்த போதைப்புல், காற்று. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலும் இளைஞர்கள், அதிலும் நிறையப் பெண்கள். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவர்களும் உண்டு. செத்துப்போனவர்களைக் குற்றம் சொல்கிற மனசு எனக்கு இல்லை. யாரும் அதைச் செய்யக் கூடாது. ஆனால், மார்ச் மாதத்தில் அந்தப் புல் எப்படி எரியும் என்பது அந்த மலையில் வாழ்கிறவனுக்குத் தெரியும். 'மார்ச்சுக்குள் முடிக்கணும்' என்கிற பட்டியலுக்குத் தெரியாது.

அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசாங்கம் விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலமாக நாற்பது பாதைகளை முறைப்படி திறந்துவிட்டார்கள். இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர் ஒருவர் வழிகாட்ட, கூடப் போகலாம். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். கட்டணம் அதிகம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் வரவேற்கிறேன். மலையைத் தெரிந்தவனுக்கு அங்கே கூலி கிடைக்கிறது. அதைவிட முக்கியம், 'இன்னைக்கு வேணாம் சார், திரும்பிடலாம்' என்று சொல்வதற்கு ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறான்.

திரும்பிவிடுவது தோல்வி இல்லையா? 1955 மே மாதம், உலகின் மூன்றாவது உயரமான கஞ்சன்ஜங்காவை முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டார்கள். அந்த மலையைத் தெய்வமாக வணங்கும் சிக்கிம் மக்களுக்குக் கொடுத்த வாக்கு அது. உச்சியை மிதிக்க மாட்டோம் என்று. அடுத்த நாள் ஏறிய அவர்களுடைய கூட்டாளிகளும் அப்படியே செய்தார்கள். அதற்காக அவர்கள் கஞ்சன்ஜங்காவை ஏறவில்லை என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. 8,586 மீட்டரில் சில அடி குறைந்தால் கணக்கில் என்ன, மரியாதையில் ஏறிவிடுகிறதே.

நமக்கும் இது புதுசு இல்லை. திருவண்ணாமலை 2,668 அடி. ஏறித்தான் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 14 கிலோமீட்டர் சுற்றி வா என்றுதான் சொன்னார்கள். மலையை ஒரு பக்கத்திலிருந்து அல்ல, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்க வைக்கிற ஏற்பாடு. கார்த்திகை தீபத்துக்கு மட்டும் மேலே ஏற்றம். 2024 டிசம்பர் 1-ல் அந்த மலை சரிந்து அடிவாரத்து வீட்டில் ஏழு பேர் புதைந்துபோனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷத் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. அண்ணாமலையார் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

அதற்கு மறுநாள், டிசம்பர் 2. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விடியற்காலையில் 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். இதோ, நாங்கள் சுருளிக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிற இந்த மணலூர்பேட்டைக்குள் பெண்ணையாறு புகுந்தது. மேலே பெய்ததெல்லாம் கீழே வந்து சேரும் என்பதை அன்றைக்கு நாங்கள் மூட்டை முடிச்சோடு தெரிந்துகொண்டோம். உச்சி என்பது ஒரு புள்ளி. மலை என்பது புள்ளி அல்ல. சரிவு, ஓடை, ஏரி, வாய்க்கால், கடைசியில் நம் வீட்டுக் குழாய் வரைக்கும் மலைதான்.

*

தமிழில் மலையேற்றத்துக்கு வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இரண்டாயிரம் வருஷத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள். செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, ஏற்கெனவே போய்வந்த ஒருவன் வழி சொல்கிறான். எல்லாம் நம் பக்கத்து மலைதான். அதில் வரும் நவிர மலையை இன்றைய பருவதமலை என்பார்கள்.

எப்படி வழி சொல்கிறான்? இங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போ. இங்கே குழியில் பாம்பு கிடக்கும். இங்கே தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் போ. இங்கே பாசி வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். இந்தச் சிற்றூரில் போய் நின்றால் உறவுக்காரர்கள் மாதிரி சோறு போடுவார்கள். இப்படியே போகிறது. மலை எத்தனை அடி என்று அவன் ஓரிடத்திலும் சொல்லவில்லை. யார் இருப்பார்கள், என்ன கொடுப்பார்கள், எதற்குப் பயப்பட வேண்டும் என்று மட்டும் சொல்கிறான்.

உடனே 'அந்தக் காலத்தில் எல்லாம்' என்று ஆரம்பித்துவிட மாட்டேன். அந்தக் கூத்தர்களும் இயற்கையை ரசிக்கப் போகவில்லை. பரிசில் வாங்கப் போனார்கள். பொன்னும் பொருளும்தான் லட்சியம். அதனால், லட்சியத்தோடு மலையேறுவது தமிழனுக்குப் பழக்கம் இல்லை என்று நான் பொய் சொல்ல முடியாது. வித்தியாசம் ஒன்றுதான். அவர்களுடைய லட்சியத்தின் முடிவில் ஒரு மனுஷன் இருந்தான். வழியிலும் மனுஷர்கள் இருந்தார்கள்.

இதை எல்லாம் அன்று சாயங்காலம் ஆற்று மணலில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் விலாவாரியாக எடுத்து விட்டேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி.

"நீங்க எத்தனை மலை ஏறியிருக்கீங்க மாமா?"

பதில் சொல்ல வரவில்லை. சின்ன வயசிலிருந்து மேற்கே கல்வராயனைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் நான். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ நூறு தடவை பார்த்திருக்கிறேன். மழைக்கு முன்னால் அது பக்கத்தில் வந்து நிற்பது மாதிரி தெரியும். மேலே போனது ஒரே ஒருமுறை, வேனில், ஒரு கல்யாணத்துக்கு. சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம். ஜாகிர்தார் கதையும் நீதிமன்ற வழக்கும் பேப்பரில் படித்தது. மலைபடுகடாம் புஸ்தகத்தில் படித்தது. என் பட்டியலில் ஒரு டிக்கூட இல்லை. ஏறாதவன் ஏறுகிறவனுக்குச் சொல்லும் விமரிசனம் இது என்பதை வாசகர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவன் சொன்னான்: "கொல்லிமலையில ஒரு பெரியவர் வீட்டுல தங்குனேன் மாமா. வழி தப்பிப் போயி இருட்டிடுச்சி. அவங்களாவே கூப்ட்டாங்க. சாமைச் சோறும் கீரைக் கொழம்பும் போட்டாங்க. காலையில கெளம்பும்போது அவரு கேட்டாரு, 'மேல என்னப்பா இருக்கு, நீ இவ்ளோ தூரம் வந்து ஏறுற?'ன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. அந்த லிஸ்ட் இல்லன்னா நான் அவுரு வீட்டுக்குப் போயிருக்கவே மாட்டேன் இல்ல?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பட்டியல் அவனை ஒரு வீட்டுத் திண்ணை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது. என்னுடைய படிப்பு அந்த அளவுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. ஆனால், அந்தப் பெரியவர் அவன் பட்டியலில் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். செல்போனைப் புரட்டினான். கொல்லிமலைக்கு நேராக உயரம், தேதி, நேரம், டிக். வேறு எதுவும் இல்லை.

"இன்னொரு கட்டம் போடலாமில்ல?" என்றேன். "யார் வூட்டுல சாப்ட்ட, அந்த ஓடைக்கு என்ன பேரு, அந்தத் தண்ணி எந்த ஆத்துக்குப் போவுதுன்னு."

யோசித்தான். "போடலாம்" என்றான்.

எனக்குக் கபிலர் ஞாபகம் வந்தது. மலையையும் மலை மனிதர்களையும் அவர் அளவுக்குப் பாடியவர் கிடையாது. பறம்பு மலைப் பாரி போன பிறகு, அவன் பெண்களை அழைத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தது இங்கே பக்கத்தில், திருக்கோவிலூர்ப் பெண்ணையாற்றங்கரைக்கு. கடைசியில் அவர் உயிர் விட்ட இடம் என்று ஆற்றுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பாறையைக் காட்டுகிறார்கள். கபிலர் குன்று. நாலு ஆள் உயரம் இருக்குமா, என்னவோ. எந்தப் பட்டியலிலும் வராது. இந்த ஊர்ப் பக்கம் அதைவிடப் பெரிய மலையை நான் பார்த்ததில்லை.

அதற்குள் மேளச் சத்தம் கேட்டது. சாமி தண்ணீரில் இறங்கும் நேரம். கூட்டம் எழுந்து நகர்ந்தது. "எழுந்திரிங்கடா, பேச்சுக்கு ஒரு நாளா கெடைக்கல?" என்று அக்கா விரட்டினாள். முழங்கால் தண்ணீரில் நின்று நாங்கள் மூன்று பேரும் தலையில் தெளித்துக்கொண்டோம்.

திரும்பும்போது மாப்பிள்ளை சொன்னான்: "மாமா, பதினாறாவதா கல்வராயன் சேத்துட்டேன். உச்சியெல்லாம் வேணாம். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் கருமந்துறையில எறங்குவோம். வழியில யாரையாவது கேட்டுக்கிட்டே போலாம். நீங்களும் வர்றீங்க."

"இப்பவா? புல்லெல்லாம் காயிற காலம்டா."

"இல்ல மாமா. தீக்காலம் முடியட்டும். ஆடி மழ ரெண்டு பேயட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஆடிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் முட்டி வலிக்கு ஒரு நல்ல வைத்தியரைப் பார்க்க வேண்டும்.